டெல்டாவின் நடவுப் பெண்களைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி:
திருவாரூர்ப் பகுதியில் நடவும் களையெடுப்பும் செய்து வந்த மூத்த பெண்களின் வாழ்க்கையை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறேன். நீரைச் சேமிக்கும் சாகுபடி முறைகளும் நடவு இயந்திரங்களும் வந்த பிறகு அவர்களுடைய வேலைநாட்கள் என்னவாயின என்பதே என் மையக் கேள்வி. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
ஆண்டைக் கேட்காமல் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் சாகுபடிப் பருவத்தை வைத்துக் கேளுங்கள். பாசனத்துக்கான வழக்கமான நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படாத ஆண்டுகளை அவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கூலியைப் பற்றிய பேச்சை மட்டும் நில உரிமையாளர் எதிரில் எடுக்க வேண்டாம். கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள் என்பதை அந்தத் தலைமுறை அறியும்.

மறுமொழி 2:
செம்மை நெல் சாகுபடியில் ஏறத்தாழ 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, சதுர இடைவெளியில் நடுவதால் விதையும் நீரும் மிச்சமாகின்றன. ஆனால் கைக்களை எடுத்த பெண்களின் இடத்தில், உருளைக் களைக்கருவியைத் தள்ளும் ஆண்கள் பல ஊர்களில் வந்துவிட்டார்கள். நாற்று விடாமல் வயலிலேயே விதைக்கும் நேரடி விதைப்பிலோ நடவு வேலையே இல்லை. இந்தப் பெண்களுடைய வருமான இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு முறையை 'நிலைத்த வேளாண்மை' என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

மறுமொழி 3:
நடவுப் பாட்டுகளையும் சேர்த்துப் பதியுங்கள், முடிந்தால் வயலிலேயே. பதிவின் ஒரு படியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.