கருந்துளையின் சுழற்சி 0.1 வைத்தாலும் 0.99 வைத்தாலும் ஒரே ஃபிட் வருகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கருந்துளை இரட்டை விண்மீன் ஒன்றின் எக்ஸ்-கதிர் நிறமாலையை எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் ஃபிட் செய்து (மாதிரியைத் தரவோடு பொருத்தி) கொண்டிருக்கிறேன். 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையாக நிற்க வேண்டிய இரும்புக் கோடு இடப்பக்கம் வால் நீட்டி 4-க்கும் கீழே இறங்குகிறது. முதலில் டிஸ்க்லைன் என்ற மாதிரியைப் போட்டேன். 3 முதல் 4 வரை, தரவில் மாதிரியைக் கழித்த மிச்சம் மேடாக நின்றது. அப்புறம் சுழலும் கருந்துளைக்கான ரெல்க்ஸில் மாதிரிக்கு மாறினேன், மேடு அப்படியே இருக்கிறது. சுழற்சியை எப்படி மாற்றினாலும் பொருத்தம் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் கை-ஸ்கொயர் அசைய மறுக்கிறது. மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

பதில்:
கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உள் ஆரம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்:
6. டிஸ்க்லைனில் இருந்ததையே போட்டு, மாறாதபடி நிறுத்திவிட்டேன்.

பதில்:
அங்கேதான் சிக்கல். ரெல்க்ஸிலில் உள் ஆரம் நேர்க்குறியில் இருந்தால் அது ஈர்ப்பு ஆரக் கணக்கு (கருந்துளையின் நிறையைப் பொறுத்த நீள அலகு). எதிர்க்குறியில் இருந்தால், பொருள் உள்ளே விழாமல் சுற்றக்கூடிய கடைசி நிலையான சுற்றுப்பாதையின் மடங்கு. 6 என்பது சுழலாத கருந்துளையின் கடைசிப் பாதை. வட்டை நீங்களே அங்கே வெட்டிவிட்டீர்கள். சுழற்சியைக் கூட்டினாலும் அதற்கு உள்ளே ஒளிர எதுவும் இல்லையே! -1 போட்டு ஓட்டிப் பாருங்கள்.

சுழற்சி 0.998 ஆனால் அந்தப் பாதை 1.24 ஈர்ப்பு ஆரத்துக்கு வந்துவிடும். 10 சூரிய நிறைக்கு, 89 கி.மீ.யிலிருந்து 18 கி.மீ.க்கு. கோட்டை இழுப்பது இந்த நெருக்கம்தான். வட்டை நேர் மேலிருந்து பார்த்தால், 6 ஈர்ப்பு ஆரத்தில் புறப்படும் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளியன் நம்மிடம் 4.5 ஆகத்தான் வந்து சேரும். வட்டு சாய்ந்திருந்தால் டாப்ளர் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும். அதற்கும் கீழே வால் நீண்டால், ஒளி 6-க்கு உள்ளிருந்து வருகிறது. டிஸ்க்லைன் சுழலாத கருந்துளைக்கானது, ஒளி வளைவதையும் சேர்க்காது. அதனால்தான் முதலிலேயே திணறியது.

கேட்டவர்:
மேடு கரைந்துவிட்டது அண்ணா! சுழற்சி 0.9-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் வட்டின் ஒளிர்வு வெளியே போகப் போக எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் உமிழ்வுக் குறியீடு 3-லிருந்து 7-க்கு ஏறிவிட்டது. நம்பலாமா?

பதில்:
உள் வட்டில் அது இயல்புதான். கொரோனா, அதாவது எக்ஸ்-கதிர் வீசும் சூடான வாயு, கருந்துளையை ஒட்டி இருந்தால் அதன் ஒளி வளைந்து உள் வட்டின் மேலேயே குவியும்.

இன்னொருவர்:
ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். வழியில் உள்ள வாயு குறைந்த ஆற்றலை விழுங்கினாலும் இதே மாதிரி வால் தெரியும். என்ஜிசி 1365 என்ற விண்மீன் மண்டலத்துக்கு இந்த வாதம் இருந்தது. 2013-இல் வெளியான ஆய்வில், எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கியோடு சேர்ந்து பார்த்த நியூஸ்டார் விண்தொலைநோக்கி எடுத்த 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட தரவுதான் வட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. உங்களிடமும் அந்தப் பகுதி இருந்தால், 20 முதல் 30 அருகே வரும், வட்டில் பட்டுச் சிதறிய ஒளியின் காம்ப்டன் மேடும் இதே சுழற்சியில் பொருந்துகிறதா என்று பாருங்கள்.