கையால் சாயமேற்றிய மெரூன் நூல் வெள்ளையில் இறங்குகிறது, கோலப் பகுதியும் இறுகுகிறது: உதவி தேவை

கேள்வி (திருவொற்றியூர், காலடிப்பேட்டை)

வணக்கம். மேற்படிப்புக்காக அக்டோபரில் ஜெர்மனி செல்லவிருக்கும் என் தங்கை மகளுக்கு, மெரூனும் வெள்ளையுமாக ஃபேர் ஐல் முறையில் (ஒரே சுற்றில் இரண்டு வண்ண நூல்களை மாற்றி மாற்றிப் பின்னிக் கோலம் போடும் முறை) ஒரு ஸ்வெட்டர் பின்னி வருகிறேன். கீழ் விளிம்பில் தொடங்கி வட்ட ஊசியில் 220 கண்ணிகளுடன் மேல்நோக்கிச் செல்கிறேன். மார்புப் பகுதியில் கோலம் தொடங்கி 38 சுற்றுகள் முடிந்துவிட்டன.

மெரூன் நூலுக்கு நானே வீட்டில் சாயமேற்றினேன். 100 கிராம் கம்பளிச் சிட்டங்கள் மூன்றை, மூன்று வெவ்வேறு நாட்களில், எங்கள் வீட்டு போர் தண்ணீரில் போட்டு, சிட்டத்துக்கு ஒரு தேக்கரண்டி ஆசிட் சாயப்பொடியும் கால் டம்ளர் வினிகரும் சேர்த்து, ஆவி வரும் வரை அரை மணி நேரம் அடுப்பில் வைத்தேன். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று மாமியார் சொன்னதால், இரண்டு கைப்பிடி கல்லுப்பையும் போட்டேன். ஆனாலும் கடைசி வரை பாத்திரத்துத் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைப் போலவே இருந்தது.

நேற்று மாதிரித் துண்டை மட்டும் அலசிப் பார்த்தேன். வெள்ளைக் கண்ணிகள் அனைத்தும் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டன. ஸ்வெட்டரை இதுவரை நனைக்கவில்லை. அதை அப்படியே வினிகர் கலந்த வெந்நீரில் முக்கி எடுத்தால் சாயம் நின்றுவிடுமா? இன்னொரு சிக்கல்: கோலம் தொடங்கிய இடத்திலிருந்து உடல் பகுதி இடுப்பு கட்டியதைப் போலச் சுருங்கி நிற்கிறது.

மறுமொழி (பெரம்பூர்)

சகோதரி, தயவுசெய்து ஸ்வெட்டரை வினிகர் வெந்நீரில் முக்காதீர்கள். அமிலமும் சூடும் சேர்ந்தால் ஆசிட் சாயம் கம்பளியில் ஏறும்; அது மெரூன் கம்பளியா வெள்ளைக் கம்பளியா என்று பார்க்காது. மெரூனிலிருந்து கழன்று வரும் சாயம் வெள்ளையில் ஏறி நிலைத்துவிடும். இப்போது அலசினால் ஓரளவு போகக்கூடிய ரோஸ் நிறம், பிறகு எதற்கும் போகாது.

சாயம் ஏறாததற்கு நீங்கள் எழுதியதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். உங்கள் பகுதியின் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிவுக்குக் காரணமான பைகார்பனேட், நீங்கள் ஊற்றிய வினிகரின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்திருக்கும். ஆகவே சாயத் தொட்டியில் வினிகர் வாசனை இருந்திருக்கும், ஆனால் போதிய அமிலம் இருந்திருக்காது. இரண்டாவது உப்பு. மாமியார் சொன்னது பருத்திக்குச் சரி. பருத்திச் சாயங்கள் இழைக்குள் செல்ல உப்பு துணைசெய்யும். கம்பளியில் பல ஆசிட் சாயங்களுக்கு அது நேர் எதிராக வேலைசெய்து, சாயத்துடன் இடத்துக்குப் போட்டியிட்டு அது ஏறும் வேகத்தைக் குறைக்கும். சாயம் திட்டுத்திட்டாக ஏறாமல் இருக்கவே சாயக்கூடங்களில் அந்த வகை உப்பைச் சேர்ப்பார்கள். மூன்றாவது அளவு. 100 கிராம் கம்பளிக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் பொடியே நல்ல அடர்த்தியைத் தரும்; தலைதட்டிய தேக்கரண்டி அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இன்னும் பின்னாத நூல் மீதம் இருந்தால், அதில் ஒரு முழ நீளத்தை நனைத்து, வெள்ளை டிஷ்யூ தாளில் மடித்து, மேலே கனமான புத்தகத்தைப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மூன்று சிட்டங்களுக்கும் தனித்தனியே செய்யவும்.

மறுமொழி (ராயபுரம்)

சுருங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாதிரித் துண்டில் வெறும் பகுதியிலும் கோலப் பகுதியிலும் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் என்று தனித்தனியே எண்ணினீர்களா? கோலத்தில் ஒரு வண்ணம் ஓய்வெடுக்கும்போது அந்த நூல் துணியின் பின்புறம் குறுக்கே ஓடுகிறது. அது ஓடும் தூரத்தைவிடக் குட்டையாக இருந்தால், முன்புறக் கண்ணிகளை இழுத்துச் சேர்த்துவிடும். காசிமேட்டில் வலை பழுதுபார்ப்பவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் ஒரே அளவுக் கட்டையில் சுற்றித்தான் முடிச்சிடுகிறார்கள். நம்மிடம் அந்தக் கட்டை இல்லை, விரல்தான் இருக்கிறது.

அடுத்த வண்ணத்துக்கு மாறும் முன், வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் நன்றாக விரித்துவிட்டு நூலை எடுங்கள். ஐந்து கண்ணிகளுக்கு மேல் ஓடும் நூலை, நடுவில் ஒருமுறை பின்னும் நூலோடு பின்புறத்தில் சிக்கவையுங்கள். அப்படியும் இறுகினால், துணியின் உட்புறம் வெளியே இருக்கும்படி திருப்பிப் பிடித்துப் பின்னுங்கள். அப்போது பின்னோடும் நூல் வட்டத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றிவர வேண்டியிருப்பதால் தானாகவே சற்று நீளமாக விழும். எனக்கு ஊசி அளவை மாற்றுவதைவிட இதுதான் கைகொடுத்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: வெறும் பகுதியில் 22 கண்ணிகள், கோலத்தில் 25. அப்படியானால் 100 சென்டிமீட்டர் வர வேண்டிய மார்புச் சுற்று 88-இல் நிற்கிறது. என் கோலத்தில் ஒன்பது கண்ணி நீளத்துக்கு நூல் ஓடும் இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நடுவில் சிக்கவைக்கவில்லை.

டிஷ்யூ தாளில் முதல் சிட்டமும் இரண்டாவதும் தெளிவான சிவப்புக் கோட்டை விட்டன. மூன்றாவது இலேசாக மட்டும். மூன்றாம் நாள் லாரித் தண்ணீரைப் பயன்படுத்தியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பிரிக்காமல் தப்பிக்க வழி உண்டா?

மறுமொழி (வியாசர்பாடி)

உண்டு என்றுதான் நினைக்கிறேன். என் சால்வையில் இப்படி நேர்ந்தபோது, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட சூடான தண்ணீரில் பல மணி நேரம் அசைக்காமல் ஊறவைத்தேன். கழன்ற சாயம் தண்ணீரிலேயே தங்கியது, வெள்ளை திரும்பியது.

மறுமொழி (பெரம்பூர்)

வியாசர்பாடி சகோதரி சொல்வது முடிந்துபோன ஆடையைக் காப்பாற்றும் வழி. அதுவும் சூப்பர்வாஷ் நூலாக (துவைத்தாலும் திரளாதபடி பதப்படுத்திய கம்பளி) இருந்தால் துணிந்து செய்யலாம். சாதாரணக் கம்பளியில் சூடும் சோப்பும் சேரும்போது கை கொஞ்சம் அசைந்தாலும் துணி திரண்டுவிடும். மேலும் உங்களுக்கு அளவும் 12 சென்டிமீட்டர் குறைகிறது. எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும் என்பதால், மெரூன் நூல் தனியாகக் கைக்கு வரும் அந்த நேரத்திலேயே சாயத்தையும் நிறுத்திவிடுங்கள்.

பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். 20 லிட்டர் கேன் தண்ணீரை வாங்கி, அதில் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள் (பெயரில்தான் உப்பு, அது சிட்ரிக் அமிலம்). அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 4-க்கும் 5-க்கும் இடையில் காட்ட வேண்டும். சிட்டங்களை அந்தத் தண்ணீரில் முதலில் ஊறவைத்து, மெதுவாகச் சூடேற்றி, ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றும் நிலையில், அதாவது 85 முதல் 90 டிகிரியில், முக்கால் மணி நேரம் வையுங்கள். கிளறாதீர்கள், கொதிக்கவிடாதீர்கள். அடுப்பை அணைத்தபின் இரவு முழுவதும் அதே பாத்திரத்தில் ஆறட்டும். அதன் பிறகும் அலசும் தண்ணீரில் நிறம் வந்தால், அது இடமில்லாமல் நிற்கும் உபரிச் சாயம். மிதமான சோப்பு நீரில் இரண்டு மூன்று முறை அலசி வெளியேற்றுங்கள். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர், எட்டு நாள் கழித்து

பிரித்துவிட்டேன். மூன்று மாலைகள் ஆயின. நீங்கள் சொன்னபடி செய்ததில், காலையில் பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய நிறமற்று இருந்தது. இரண்டு சோப்பு அலசலுக்குப் பின் டிஷ்யூ தாள் வெள்ளையாகவே வந்தது. உட்புறத்தை வெளியே திருப்பிப் பின்னிய புதிய மாதிரித் துண்டை நனைத்து உலர்த்தினேன். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, 10 சென்டிமீட்டருக்கு இருபத்திரண்டரைக் கண்ணிகள் வருகின்றன. ஆனால் மூன்றாவது சிட்டம் மற்ற இரண்டைவிட ஒரு படி அடர்த்தியாக நிற்கிறது. அதைக் கழுத்துப் பட்டைக்கு ஒதுக்கலாமா?

மறுமொழி (ராயபுரம்)

ஒதுக்கினால் கோலத்துக்கு நூல் போதாமல் போகலாம். இரண்டு சுற்று ஒரு சிட்டம், இரண்டு சுற்று மற்றொன்று என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நிற வேறுபாடு கோலத்துக்குள் கரைந்துவிடும். மெரூன் நூலை எப்போதும் வெள்ளைக்குக் கீழாகவே எடுத்து வாருங்கள். கீழாக வரும் நூலின் கண்ணிதான் முன்புறத்தில் சற்றுப் பெரிதாகத் தெரியும்; நடுவில் கை மாறினால் கோலம் ஒரு பட்டையில் மட்டும் மங்கிவிடும்.