பழைய ஹெலிகாப்டர் வாங்கப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

திருமங்கலம் பொறியாளர்:
என் தாய்மாமன் வாடிப்பட்டிப் பக்கம் மாடு வாங்கி விற்றே வாழ்ந்தவர். அவருடைய கூட்டாளி ஒருவர் கொடைக்கானலுக்குப் பயணிகளை ஏற்றவும், கும்பாபிஷேகங்களில் பூத்தூவவும், மலை வேலைகளுக்குச் சாமான் தூக்கவும் ஒரு பழைய பெல் 206பி ஜெட்ரேஞ்சரை விலை பேசியிருந்தார். நான் 27 வருடம் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் என்னையும் அழைத்துப் போனார்கள்.

பெயின்ட் மினுமினுத்தது, இருக்கை உறைகள் புதியவை. மாமா ஒருமுறை சுற்றி வந்து கேட்டார்: "மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், மாப்பிள்ளை. இதற்கு எதைப் பார்ப்பது?"

"லாக்புக்கை, மாமா. பறந்த மணியும் பாகங்களின் கணக்கும் எழுதி வைக்கும் புத்தகம்."

இரண்டு நாள் காகிதங்களோடு உட்கார்ந்தேன். மொத்தம் எத்தனை மணி பறந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்பதில்தான் விலையே இருக்கிறது. ஜெட்ரேஞ்சரின் மெயின் பிளேடுகளுக்கு 5,000 மணி. அந்த பிளேடுகளைச் சுழல்மையத்தோடு பிடித்து நிறுத்தும் பட்டைக்கு, அதில் மாட்டியிருந்த வகையில், 1,200 மணி அல்லது 24 மாதம், எது முந்துகிறதோ அது. "300 மணிகூட ஓடவில்லையே" என்றார் விற்றவர். உண்மைதான். ஆனால் ஷெட்டில் நின்றபடியே 24 மாதம் கடந்துவிட்டது.

எஞ்சின் நிலைமை இன்னும் மோசம். எஞ்சினுக்குள் சூடான வாயுவில் சுழலும் டர்பைன் சக்கரங்களின் ஆயுளை மணியிலும் எண்ண வேண்டும், ஸ்டார்ட் எண்ணிக்கையிலும் எண்ண வேண்டும். பூத்தூவும் வேலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்டார்ட் விழும். லாக்புக்கில் 14 மாதத்துக்கு ஸ்டார்ட் எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. வால் பிளேடு ஒன்றின் எண் அதன் பதிவு அட்டையோடு பொருந்தவில்லை. ஓடிய கணக்குத் தெரியாத பாகத்தை ஆயுள் முடிந்ததாகத்தான் நான் எழுதுவேன். விலையைக் குறைக்க முன்வந்தார்கள். நான்கு பேர் குடும்பத்தோடு ஏறி உட்காரும் இடம் அது. எனக்குக் கோபம்தான் வந்தது. மாமாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டேன்.

கொடைரோடு விமானி:
நல்லது செய்தீர்கள், அண்ணே. காகிதம் சரியாக இருந்தாலும் மலையை மறந்துவிடக் கூடாது. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அந்த உயரத்தில் காற்றின் இயல்பான வெப்பம் 1 டிகிரி என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். வெயில் அடித்து 20 டிகிரி ஆனால் காற்று 9,000 அடிக்கு மேல் இருப்பது போல மெலிந்துவிடும். எனக்கு ஒரு வண்டியை மதுரை விமான நிலையத்தில் காலை ஆறு மணிக்குத் தூக்கிக் காட்டினார்கள். அது தூக்கத்தான் செய்யும்! பகல் இரண்டு மணிக்கு எஞ்சின் பவர் செக் செய்யக் கேட்டேன். டர்பைன் வெப்பம் அட்டவணை அனுமதிக்கும் அளவைத் தாண்டியது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது என்று அப்போதே சந்தேகப்பட்டேன்.

2005இல் எவரெஸ்ட் உச்சியில் இறங்கிய ஏஎஸ்350 பி3 வகை ஹெலிகாப்டரைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அன்று அதில் விமானி மட்டுமே இருந்தார். உங்கள் வண்டியில் எரிபொருள், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் ஏறும். அந்த எடைக்கு, அந்த உயரத்தில், தரைக்கு அருகே கிடைக்கும் கூடுதல் தூக்குதல் இல்லாமல் அந்தரத்தில் நிற்குமா என்பதைக் கையேட்டின் வரைபடத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மேலூர்க்காரர்:
நான் வாங்கி நொந்தவன். என்னுடையது பெல் 407. பயணிகளை மட்டுமே ஏற்றியது என்று சொல்லி விற்றார்கள். அடியில் சரக்குக் கொக்கி மாட்டிய தழும்பை நான் கவனிக்கவில்லை. பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் மேல் பிளேடுகளைச் சுழற்றும் தண்டான மாஸ்டின் ஆயுள் கணக்கில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகுமாம். பறந்த மணி குறைவாகத்தான் இருந்தது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது மாஸ்டையே மாற்ற வேண்டியதாயிற்று. மனைவியின் நகை அதில்தான் போனது.

திருமங்கலம் பொறியாளர்:
மேலூர்த் தம்பி, படித்ததும் மனம் கனத்துவிட்டது. மாமாவின் கூட்டாளி இப்போது இன்னொன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், அதுவும் 407தான். லாக்புக் நகல்கள் வராமல் கிளம்பமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். தூக்கிய கணக்கையும் சேர்த்து அனுப்பும்படி இப்போதே தொலைபேசியில் கேட்கப் போகிறேன்.