புதுப்பிப்பு: ஒரே ஹெடரில் மூன்று ஃபேன், மாட்டியாயிற்று
கம்ப்யூட்டர் கேபினெட் முன்பக்கத்து மூன்று ஃபேன்களையும் மதர்போர்டில் மிச்சமிருந்த ஒரே ஹெடரில் (ஃபேன் ஒயரைச் செருகும் முனை) ஸ்ப்ளிட்டர் (ஒரு முனையை மூன்றாகப் பிரிக்கும் ஒயர்) போட்டு மாட்டலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, மாட்டிவிட்டேன், எதுவும் கருகவில்லை. என் போர்டு மேனுவல்படி அந்த ஹெடர் 1 ஆம்பியர் தாங்கும், அதாவது 12 வோல்ட்டில் 12 வாட். ஃபேன் ஸ்டிக்கரில் 0.2 ஆம்பியர், மூன்றும் சேர்ந்து 0.6. சுழல ஆரம்பிக்கும்போது கொஞ்சம் அதிகம் இழுக்கும், அதற்கும் இடமிருக்கிறது.

ஒரு ஃபேனின் வேகம் மட்டும்தான் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் திரை) தெரிந்தது, பயந்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் ஸ்ப்ளிட்டரின் ஒரு முனையில்தான் வேகம் சொல்லும் ஒயரே இருக்கிறது. மற்ற இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் பயாஸ் வாய் திறக்காது, அவ்வப்போது எட்டிப் பார்க்கவேண்டியதுதான். இன்னும் மூன்று சேர்ப்பதென்றால் பவர் சப்ளையின் சாட்டா ஒயரில் (டிஸ்க்குகளுக்குக் கரண்ட் தரும் ஒயர்) கரண்ட் எடுக்கும் ஹப் (பல ஃபேன்களை மாட்டும் பெட்டி) வாங்கிவிடுவேன், ஹெடரிலிருந்து வேக சிக்னல் மட்டும் போனால் போதும்.