அந்த மூன்று பக்கத் தாள்: உடம்பு, மனசு, ஆத்மாவுக்கு மார்க் போட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பால்வெட்டுக்காரன்:

மருத்துவ முகாம்களில் கொடுப்பார்களே, அந்தத் தாளைப் பற்றித்தான். முதல் பக்கம் உடம்பு, இரண்டாவது மனசு, மூன்றாவது ஆன்மிகம். உங்களில் பாதிப் பேர் நிரப்பியிருப்பீர்கள், விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வைத்தார்கள். எடை, பிரஷர், இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்த்துவிட்டு ஆளுக்கொரு தாள், ஒரு பேனா. அம்மை கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். "நீயே எழுது மக்களே" என்று என் பக்கம் தள்ளினாள். எனக்கோ அவசரம். விடியற்காலையில் வெட்டிய ரப்பர் மரத்திலெல்லாம் பால் சிரட்டையில் கிடக்கிறது, நேரம் போனால் உறைந்துவிடும்.

கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாகவும் உற்சாகமாகவும் இருந்தேன். 0 முதல் 5 வரை. அம்மை முகத்தைக்கூடப் பார்க்காமல் 4 போட்டேன். மிச்சக் கேள்விகளுக்கு 4, 4, 3, 4. மூன்றாவது பக்கத்தில் பத்துக்குப் பத்து. தினமும் பூசை பார்க்கிற ஆளுக்கு வேறென்ன போடுவது? எனக்கு 6.

திரும்பி வரும்போது பம்மம் தாண்டியதும் ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டாள்: "நீ போட்ட மார்க்கு எனக்க மனசுக்கா, உனக்க மனசுக்கா?"

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குக் கேட்காத மாதிரி ஓட்டினேன். மூன்று வாரம் ஆகிறது. அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் தினமும் மரத்தடியில் நிற்கும்போது இதுதான் ஓடுகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பன்னிரண்டுகோயில்:

தாளில் போடுவதை விடுங்கள். உடம்பும் பக்தியும் எவ்வளவு என்று சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடினால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

நாற்பத்தொரு வயதில் முதல் தடவை. திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயம், நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் விசிறி, இடுப்பில் விபூதிப் பை, வாயில் "கோவிந்தா, கோபாலா". விரதம் ஒழுங்காக இருந்தேன், பயிற்சி மட்டும் கிடையாது. சாமி பார்த்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு. திற்பரப்பு வரை நன்றாகத்தான் போனது. பொன்மனை தாண்டி பன்னிப்பாகம் போகிற வழியில் தார் ரோடு காலைச் சுட்டது, கொப்புளம் உடைந்தது. பக்கத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு பாட்டா ஓடிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கோவிந்தான்னு விளி பாப்போம்."

"கோவி..." என்றேன். மூச்சு அதற்குமேல் வரவில்லை.

"கோபாலா வரை வந்தா ஓடு. வரல்லன்னா நட" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நடந்தேன். கல்குளத்தில் ஒரு வீட்டு வாசலில் சுக்கு வெள்ளம் கொடுத்தார்கள், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் ஐந்து கோயிலை மைத்துனன் பைக்கில்தான் பார்த்தேன், இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வாரம் பிரஷர் பார்த்தால் 150/100. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ. ஓடும்போது பேச முடிகிறதா என்று பார்ப்பது டாக்டர்களும் சொல்கிற சோதனைதான் என்று அப்புறம் தெரிந்தது. பாட்டாவுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஊசிக்காரி:

பால்வெட்டுக்காரன் அண்ணனுக்கு. அந்த இரண்டாம் பக்கம் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல். மகிழ்ச்சி, அமைதி, சுறுசுறுப்பு, தூங்கி எழும்பும்போது தெளிவு, அன்றாடத்தில் பிடித்தமான விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 5 வரை, மொத்தம் 25. அதை நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். 13-க்குக் கீழே வந்தால் அந்த ஆளிடம் உட்கார்ந்து பேச வேண்டும். நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பேச வேண்டும் என்றுதான் அர்த்தம். நீங்கள் போட்ட கணக்குப்படி அம்மைக்கு 19. பேசவே வேண்டாம் என்று தாள் சொல்லிவிட்டது.

என் கதை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதற்கப்புறம் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோகிற வேலை. குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். ஒரு அக்கா வீட்டுக்கு மாதா மாதம் போவேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அவர் வீட்டுக்காரர் போன போட் திரும்பவில்லை. இது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம், அதனாலேயே யாரும் பேசுவதில்லை. சுகர் இறங்கவே இல்லை. ஒரு நாள் இந்த மாதிரித் தாளை எடுத்தேன். மனச்சோர்வு இருக்கா அக்கா? இல்லை. கவலை? இல்லை. தூக்கம்? அது கிடக்கட்டும், நீ மாத்திரையைத் தா. எல்லாம் இல்லை, இல்லை, இல்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எழுந்திருக்கும்போது சும்மா கேட்டேன்: "வெப்ராளம் உண்டாக்கா?"

கையிலிருந்த அகப்பையை அப்படியே மீன்குழம்புச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். அடுப்பை அணைத்தாள். தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றேகால் மணி நேரம். அதில் பாதி நேரம் பேச்சே இல்லை.

மனசு கிடந்து தவிப்பதை எங்கள் பக்கம் வெப்ராளம் என்போம். எந்தத் தாளிலும் அந்த வார்த்தை கிடையாது. நான் இப்போது பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஒற்றைக்கால்:

ஊசிக்காரி சொன்னது சரி. ஆனால் பன்னிரண்டுகோயில் அண்ணாச்சி, நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடி முடித்தால் பக்தி, பாதியில் நின்றால் பக்தி இல்லையா? ஆன்மிகத்துக்கு மார்க் போடுவதே அபத்தம். 1948-இல் அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் உடல், மனம், சமூகம் இந்த மூன்றிலும் நன்றாக இருப்பதைத்தான் ஆரோக்கியம் என்கிறது. சமூகத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஆன்மிகத்தைப் போட்டது எந்த முகாம்காரரோ. அக்கம்பக்கத்தில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று கேட்டிருந்தால் நம் ஊரில் எல்லோருக்கும் பூஜ்யம்தான்.

என் அனுபவம் சின்னது. எங்கள் தெரு நிழல் தாங்கல். அய்யாவழிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: அய்யா வைகுண்டர் வழிக்காரர்கள் கும்பிடுகிற இடம் அது, உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உனக்குள் இருப்பதைப் பார் என்று அர்த்தம். ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது தொப்பை. அதற்கு மேல் எதுவும் பார்க்க முடியவில்லை. நாமம் இட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான்.

இனி உங்கள் எல்லோருக்கும் பயன்படுகிற மாதிரி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இடுப்பளவை பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு டேப் வையுங்கள். நம் நாட்டுக்காரர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதற்குமேல் போனால் சுகரும் இதயமும் கவனம். எனக்கு அன்றைக்கு 104. பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில். அரை மணி நேரத்துக்குள் காப்பி, பீடி கூடாது. பட்டை கட்டியிருக்கும்போது மருமகளைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் ஏறும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறார்கள், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டு பழங்கஞ்சி குடிக்கிற நாம் அதைக் காலையிலேயே தாண்டிவிடுகிறோம். அப்புறம் ஒற்றைக்காலில் பத்து விநாடி நின்று பாருங்கள். 51 முதல் 75 வயதுக்காரர்களைப் பிரேசிலில் அப்படி நிற்க வைத்துப் பார்த்து 2022-இல் கட்டுரை வந்தது. நிற்க முடியாதவர்களில் பின்னாளில் இறந்தவர்கள் கூடுதல். நான் பல் தேய்க்கும்போது தினமும் நிற்கிறேன். முதல் நாள் நாலு விநாடி. இப்போது முப்பது. சுவரோரமாக நிற்க வேண்டும், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு என்னைத் திட்டக் கூடாது. மனசு விஷயத்துக்கு 14416, டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசலாம். பால்வெட்டுக்காரன் தம்பி, அம்மையிடம் முதலில் தூக்கத்தைக் கேளுங்கள், சந்தோஷத்தைக் கேட்காதீர்கள், பிறகு...

தோவாளைப்பூ:

அண்ணாச்சி, பாதியில் நிறுத்தியதற்கு நன்றி. அந்தத் தம்பி வழி கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னார்.

எனக்கு இடது தோளிலிருந்து கை வரை ஒரு வலி. விடியற்காலைச் சந்தையில் கூடை தூக்குகிற வேலை, அதனால்தான் என்று நினைத்தேன். மாமியார் ஒரு வர்ம ஆசானிடம் கூட்டிக்கொண்டு போனார். எண்ணெய், தடவு, கிழி என்று பத்து நாளுக்கு மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். வெட்டு, முறிவு எது வந்தாலும் எங்கள் குடும்பத்தில் முதலில் அவர்தான். ஆசான் தோளைத் தொட்டார், நாடி பார்த்தார். படியேறினால் வலி கூடுதா என்றார். ஆமாம். தாடையில் ஒரு பிடிப்பு வருதா? ஆமாம். வியர்க்குதா? ஆமாம்.

எண்ணெய்க் குப்பியை மூடினார். மூடி திருகிற அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "இது எனக்க சோலி இல்ல மக்களே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, ஈசிஜி எடு. வீட்டுக்குப் போய்ட்டுப் போலாம்னு நெனைக்காத" என்றார். தட்சணையும் வாங்கவில்லை.

அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முந்தின மாதம் நானும் ஒரு முகாமில் அந்தத் தாளை நிரப்பியிருந்தேன். உடம்புக்கு 9 போட்டிருந்தேன். வேலை செய்ய முடிகிறதே, வேறென்ன வேண்டும் என்று.

ஒற்றைக்கால்:

ஆசான் நல்லவர், அதனால் தப்பித்தீர்கள். 108 வர்மமும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு நெஞ்சுவலிக்கு நீவி விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். எல்லோரும் இந்தக் கதையை நம்பிப் போய்விடக் கூடாது.

தோவாளைப்பூ:

நான் போகச் சொல்லவே இல்லையே.

முட்டத்துக்காரன்:

சுருக்கமாக. அப்பா போய் நாற்பத்தெட்டாம் நாள் கழிந்த பிறகு விவேகானந்தர் பாறைக்குப் போனேன். 1892 டிசம்பரில் அவர் நீந்திப் போய் உட்கார்ந்த பாறை. கீழே தியான மண்டபம், இருட்டு, ஓம் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினேன். யாரோ தோளைத் தட்டினார்கள். "சார், குறட்டை விடுறீங்க, மத்தவங்களுக்குத் தொந்தரவு."

ஒன்றரை மாதத்தில் முதல் தூக்கம் அது. அந்த ஆளுக்கு நன்றி சொல்வதா, எழுப்பியதற்குக் கோபப்படுவதா என்று இன்றுவரை தெரியவில்லை. இது தாளில் எந்தப் பக்கத்தில் வரும்?

பன்னிரண்டுகோயில்:

ஒற்றைக்கால், நான் பாதியில் நின்றேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை படியுங்கள். முட்டத்துக்காரர், மூன்றிலும் வரும்.

பால்வெட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரேஷன் கார்டு தேடும்போது அலமாரியில் பைபிளுக்கு அடியில் அந்தத் தாள் கிடந்தது. முகாமில் பிரதி எடுத்துக்கொண்டு தாளை நம்மிடமே தந்துவிட்டார்கள். என் நீலப் பேனா எழுத்து. அதற்கு மேல் பென்சிலால் அடித்திருந்தது. முதல் கேள்வியில் 4-ஐ அடித்து 1. தூக்கத்தில் 3-ஐ அடித்து 0. அமைதிக்கு மட்டும் என் 4-ஐத் தொடவில்லை. மூன்றாம் பக்கத்தில் 10-ஐ அடித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் ரப்பரால் அழித்த தடம் மட்டும் இருந்தது. என்னமோ எழுதி அழித்திருக்கிறாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஊசிக்காரி:

அண்ணா, பேசுங்கள். தாளைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம்.

பால்வெட்டுக்காரன்:

நாளைக்கு மழை என்கிறார்கள். மழை பெய்தால் வெட்டு கிடையாது, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். மரச்சீனி கிழங்கு உரிக்க அம்மை எப்படியும் என்னை உட்கார வைப்பாள்.