பெரியம்மா படத்தை இணையதளத்திலிருந்து நீக்க வைக்க வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, பொகவந்தலாவயிலிருந்து எழுதுறேன். போன கிழமை தேயிலைத் தோட்டத்தில கொழுந்து எடுக்கும்போது எங்க பெரியம்மாவைக் குளவி கொட்டிருச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல முகம் வீங்கி, ஒரு கண் மூடி, சட்டை பட்டன் கழன்டு கெடந்தவங்களை யாரோ போன்ல எடுத்துட்டாங்க. ஒரு செய்தி இணையதளம் அதைப் பேரு, லயன் வீட்டு நம்பரோட போட்டிருக்கு. வீட்டுக்கு வந்தும் பிரட்டுக்கு (காலையில தோட்டத்து ஆளுங்க வேலைக்குக் கூடுற இடத்துக்கு) போகக் கூசுறாங்க.

செய்தியே வேணாம்னு சொல்லல. குளவிக் கூட்டை எடுக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டோம்! செய்தி வந்த பிறகுதான் ஆள் வந்தாங்க. அது அப்படியே இருக்கட்டும். படமும் பேரும் மட்டும் போகணும்.

இலங்கை அரசியலமைப்போட 14ஆம் உறுப்புரை பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரத்தைத் தருது. அந்தரங்கத்துக்குன்னு தனி அடிப்படை உரிமை அதில இல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வச்சு இதைக் கேட்கலாமா? பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழ்ல எழுதினவங்க யாராவது இருக்கீங்களா? இணையதளத்தையும் விசாரிப்பாங்களா? ஹட்டன் பக்கம் சட்டத்தரணி யாரையாவது தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

தயவுசெஞ்சு அந்தப் படத்தைத் தேடி இங்க போட்டுறாதீங்க.