8,500 வெள்ளியா, 6,500 வெள்ளியா? மலேசியாவில் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் நம்மவர்களுக்கு

கோலாலம்பூரில் இரவு ஷிஃப்ட் சப்போர்ட் வேலை, மாதம் 8,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பினாங்கு பாயான் லெபாஸில் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர், 6,500 வெள்ளி. இரண்டாவதுதான் படித்த படிப்புக்கு ஏற்றது, மனசுக்கும் பிடித்தது. எதை எடுப்பது?

ஊரிலிருந்து வரும் தம்பிகளும் தங்கச்சிகளும் இந்த மாதிரிக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். தொகைதான் மாறும். பதில் சொல்பவர்களில் இரண்டு கட்சி. "கடன் இருக்கிறதா, பேசாமல் காசைப் பார்" என்பது ஒன்று. "பிடிக்காத வேலையில் எத்தனை நாள் ஓட்டுவாய்" என்பது மற்றது. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. அந்த வேலை பிடிக்காமல் போனால் எவ்வளவு சுலபமாக வெளியே வர முடியும்? முதலில் அதைப் பாருங்கள் என்பேன்.

சென்னையில் வேலை பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் வீட்டில் இருந்து நிதானமாக வேறு தேடலாம். இங்கே உங்கள் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பாஸும் போகும். அடுத்த கம்பெனி புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் அங்கே உட்கார முடியும். ஆக, "இப்போதைக்குச் சேர்ந்துகொள்வோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஊர்க்கணக்கு இங்கே அவ்வளவாகச் செல்லாது.

அதற்காகச் சம்பளத்தை அலட்சியம் செய்யவும் முடியாது. பாஸ் எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்பதையே சம்பளம்தான் முடிவு செய்கிறது. பல வருடங்களாக 10,000 வெள்ளியைத் தொட்டால் முதல் பிரிவு, 5,000-க்குக் கீழே போனால் மூன்றாம் பிரிவு என்று இருந்தது. இந்த வரம்புகள் நிரந்தரம் இல்லை. உங்கள் ஆஃபர் எந்தப் பிரிவில் வருகிறது, எத்தனை மாதத்துக்குப் பாஸ் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

இன்னொரு படியும் உண்டு. மலேசிய அரசின் டேலன்ட்கார்ப் நிறுவனம் 2011-இல் தொடங்கிய ரெசிடென்ஸ் பாஸ் டேலன்ட் என்பது பத்து வருடப் பாஸ். கையில் கிடைத்துவிட்டால் கம்பெனி மாறப் புதுப் பாஸ் தேவையில்லை. ஆனால் அதற்கு மலேசியாவில் மூன்று வருட வேலை, மாதம் 15,000 வெள்ளி என்றெல்லாம் நிபந்தனைகள். இந்த ஊரில் நல்ல சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் பிடித்த வேலையைத் தேடிப் போகும் சுதந்திரமும் கிடைக்கிறது. நியாயமா என்று கேட்காதீர்கள், அமைப்பு அப்படித்தான். அதனால் இன்றைய சம்பளத்தோடு, ஐந்து வருடத்தில் அந்தத் துறையில் சம்பளம் எங்கே போய் நிற்கும் என்பதையும் பாருங்கள். ஒரே மாதிரி புகார் டிக்கெட்டுகளை மூடிக்கொண்டிருக்கும் சப்போர்ட் வேலையில் 8,500 என்பது கிட்டத்தட்ட உச்சமாக இருக்கலாம். டெஸ்ட் இன்ஜினியருக்கு 6,500 ஆரம்பம்.

சரி, அந்த 2,000 வெள்ளி வித்தியாசத்துக்கு வருவோம். எல்லாரும் ரிங்கிட்டை ரூபாயால் பெருக்கிப் பார்த்து மயங்கும் இடம் இதுதான்.

வரி முதலில். ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் வரி விஷயத்தில் குடியிருப்பவர், படிப்படியான விகிதம். இல்லையென்றால் ஒட்டுமொத்தமாக 30 சதவீதம், கழிவு எதுவும் கிடையாது. 8,500 வெள்ளிக்காரருக்குக் குடியிருப்பவர் கணக்கில், 9,000 வெள்ளி தனிநபர் கழிவை மட்டும் எடுத்துக்கொண்டால், வருட வரி சுமார் 8,070. மாதத்துக்கு 670 சொச்சம். குடியிருப்பவர் அல்லாதவர் என்றால் மாதம் 2,550! வந்த புதிதில் பல கம்பெனிகள் இந்த 30 சதவீதத்தையே பிடிக்கும். செப்டம்பரில் வந்து சேர்ந்தவருக்கு அந்த வருடத்தில் 182 நாள் தேறாது. அடுத்த வருடத்தில் தொடர்ந்து 182 நாள் இருந்து அதோடு இந்த முதல் வருட நாட்கள் விட்டுப்போகாமல் இணைந்தால் முதல் வருடத்துக்கும் குடியிருப்பவர் தகுதி கோரலாம். கூடுதலாகப் பிடித்ததை வருமான வரித்துறையான எல்.எச்.டி.என்.னிடம் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும். பணம் எங்கும் போய்விடாது, ஆனால் முதல் சில மாதம் கை கடிக்கும். அந்த மாதங்களில்தான் வீட்டுக்கு இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, தண்ணீர்-மின்சாரத்துக்கு அரை மாதம் என்று கொட்ட வேண்டியிருக்கும். 1,800 வெள்ளி வீடு என்றால் சாவி கைக்கு வருமுன் 6,300 வெள்ளி.

6,500-க்கு இதே கணக்குப் போட்டால் வரி மாதம் 300-க்குச் சற்றுக் குறைவு. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியருக்கும் ஈபிஎஃப் கட்டாயம், நம் பங்கு 2 சதவீதம். ஊழியர் காப்பீடான சொக்சோவுக்குச் சின்னத் தொகை. எல்லாம் போக 8,500-க்காரர் கையில் 7,650 போல, 6,500-க்காரர் கையில் 6,050 போல. ஆஃபர் லெட்டரில் 2,000 இருந்த வித்தியாசம் இப்போது 1,600.

அதிலிருந்து இரவு ஷிஃப்டின் செலவைக் கழியுங்கள். கோலாலம்பூரில் ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் கிராப் டாக்சிதான். கம்பெனி வண்டி விடுகிறதா, படி கொடுக்கிறதா என்று கேளுங்கள். மாதம் 50 வெள்ளிப் பயண அட்டை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்.

காசில் அடங்காத செலவும் இருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) போய்ப் பாருங்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஒரு கையால் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் இருப்பார்கள். ஊரில் எல்லாரும் தூங்குகிறார்கள், பேச ஆள் இல்லை. இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பகல் வேலைக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சாவகாசமாகப் பேசுகிறார். அப்புறம் தீபாவளி. இங்கே பொது விடுமுறைதான், ஆனால் வேலைச் சட்டம் கட்டாயமாக்கும் ஐந்து நாட்களில் அது இல்லை. மீதி ஆறு விடுமுறை நாட்களைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரின் காலண்டரைப் பார்த்து ஓடும் அலுவலகமாக இருந்தால் இதைச் சேரும் முன்பே கேளுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையோ பத்துமலையோ போகிறவர் அதையும் சேர்த்துக் கேட்கவும்.

வேலை பிடிக்குமா என்பதைச் சேருமுன் எப்படித் தெரிந்துகொள்வது? முழுதாக முடியாது. இன்டர்வியூவில் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் கேளுங்கள்: "இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் எங்கே போனார்?" உள்ளேயே மேலே போயிருந்தால் நல்லது. வருடத்துக்கு ஒருவர் மாறியிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். மேனேஜர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் அதுவும் பதில்தான். ஒப்பந்தத்தில் இத்தனை வருடம் இருந்தே ஆக வேண்டும் என்ற பாண்ட் இருக்கிறதா, இடையில் போனால் எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்பதையும் வரிவரியாகப் படியுங்கள்.

நான் இருப்பது பினாங்கில், அதனால் என் பேச்சில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். 1972-இல் இன்டெல் இங்கே வந்ததிலிருந்து பாயான் லெபாஸ் சிப் தொழிலின் ஊர். ஒரு கம்பெனி சரிப்படவில்லை என்றால் அதே வேலைக்கு அடுத்த தெருவிலேயே நான்கு கம்பெனி. பாஸ் மாற்றும் தொல்லை இருக்கும், ஆனால் உங்களை எடுக்க ஆள் இருக்கும். குறை என்னவென்றால் துறை ஒன்றுதான். வங்கி, கணக்கு, விளம்பரம் என்று வேறு பக்கம் போக நினைப்பவருக்குக் கோலாலம்பூர்தான். பினாங்குத் தீவில் இன்னும் நகர ரயில் ஓடவில்லை, பைக்கோ காரோ வேண்டும். வாடகை மலிவு என்று கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் வீடு பிடித்தால் தினமும் 13.5 கிலோமீட்டர் பாலம். பைக்குக்கு டோல் இல்லை, மழைக்குத்தான் பதில் இல்லை.

இந்த இரண்டில் எனக்குப் பட்டது 6,500. விதிவிலக்கு ஒன்றே: தொகையும் முடிவுத் தேதியும் தெரிந்த கடன் ஊரில் இருந்து, கோலாலம்பூர் வேலையில் பாண்டும் இல்லை என்றால் 8,500-ஐ எடுங்கள். கடன் முடியும் மாதத்தைக் காலண்டரில் குறித்துவிட்டுச் சேருங்கள்.

"மனைவியும் வேலைக்குப் போனால் சமாளிக்கலாமே" என்று கேட்டிருந்த தம்பிக்கு: குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில் வந்தவர் அப்படியே வேலை பார்க்க முடியாது. அவருக்கென்று ஒரு கம்பெனி பாஸ் எடுக்க வேண்டும். அதுவரை ஒரு சம்பளக் குடும்பம் என்றே பட்ஜெட் போடுங்கள். பிள்ளைகள் இருந்தால் இன்னும் யோசியுங்கள். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுமதி வாங்கித்தான் சேர்க்க வேண்டும்; கிடைக்காதவர்கள் இன்டர்நேஷனல் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே கட்டணம் வருடத்துக்குப் பல ஆயிரம் வெள்ளி. பேரம் பேசும்போது சம்பளத்தில் 500 ஏற்றச் சொல்வதைவிடப் பள்ளிச் செலவில் பங்கு கேட்பது மேல்.

வேலை சரிப்படாமல் ஊருக்கே திரும்புவதாக இருந்தால், கம்பெனி முன்கூட்டியே எல்.எச்.டி.என்.னுக்குத் தெரிவித்து, வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும். ஈபிஎஃப் பணத்தை நாட்டைவிட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட்டுக்கும் கடைசி மாத வாடகைக்கும் அந்தச் சம்பளத்தை நம்பியிராமல் தனியாக ஒரு தொகை வைத்திருங்கள்.